ஒன்பது மணி மழையும் அக்காவோட மெத்தையும்

அக்கா கல்யாண மெத்தையை ராயப்பேட்டைல இருந்து மந்தைவெளிக்கு எடுத்துட்டு வரணும். அன்னைக்கு எனக்குக் குடுத்த வேலை அவ்வளவுதான்.

நாலு கிலோமீட்டர் இருந்தா அதிகம். மூளை தேவைப்படாத வேலைன்னுதான் அம்மா என்கிட்ட குடுத்தாங்க. நான் அதுக்குள்ள மூளையைக் கொண்டு போய் நுழைச்சேன். அங்கதான் ஆரம்பிச்சது.

என்னைத் தெரியாதவங்களுக்கு ஒரு அறிமுகம். நான் பைலட் ஆகப் போறவன். அந்தப் 'போறவன்'ல கொஞ்சம் நிறுத்திப் படிங்க. இதுவரைக்கும் ரெண்டே தடவை விமானத்துல ஏறியிருக்கேன், ரெண்டும் பாசஞ்சரா, ரெண்டும் நடு சீட்டு. இப்போதைக்கு தி.நகர்ல ஒரு புடவைக் கடைக்கு மேல, மாடி ரூம்ல, எழுத்துப் பரீட்சைக்கு கிளாஸ் போய்க்கிட்டிருக்கேன். அங்கேருந்து விமானம் ரொம்ப தூரம். கூலிங் கிளாஸ் மட்டும் முதல் வாரமே வாங்கியாச்சு.

அந்த சமயத்துல எங்களுக்கு வானிலைப் பாடம் ஓடிக்கிட்டிருந்தது. எனக்குப் பாடம், வீட்டுக்குத் தண்டனை.

அம்மா சும்மா 'புழுக்கமா இருக்கு'ன்னு சொன்னாப் போதும். அது புழுக்கம் இல்லம்மா, டியூ பாயிண்ட் ஏறியிருக்கு, காத்துல இருக்கற ஈரம் தண்ணியாகற வெப்பநிலைம்மா அதுன்னு ஆரம்பிச்சுடுவேன். துணி காயப் போடணும், மேகமா இருக்கா பாருடான்னா, பால்கனில நின்னு ரொம்ப நேரம் யோசிச்சு, "எட்டுல ரெண்டு"ம்பேன். பைலட்டுங்க வானத்தை எட்டுப் பங்காப் பிரிச்சு, அதுல எத்தனை பங்கு மேகம்னு பாக்கறது வழக்கம். அம்மா அவங்களே வந்து பாத்துட்டுப் போவாங்க.

அப்பா கணக்கு வாத்தியார். முப்பது வருஷத்துக்கு மேல சாந்தோம் பக்கத்துப் பசங்களுக்குக் கணக்கு சொல்லிக் குடுத்துட்டு ரிட்டயர் ஆனவர். நான் பாடத்தை ஆரம்பிச்சா அவர் பேப்பரைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிச்சுப்பார்.

சரி, மெத்தைக்கு வரேன்.

எங்க ரீட்டா அக்காவுக்கு ஃபோம் மெத்தை ஆகாது. முதுகு வேர்த்து ராத்திரி பூரா புரளுவா. மாப்பிள்ளை வீடு அடையாறு. அவளோட வருங்கால மாமியார் நல்ல மனசோடதான், புதுசா ஃபோம் மெத்தை வாங்கிப் போட்டுடறோம்மான்னு சொன்னாங்க. அக்கா விடல. "கட்டில் உங்களோடது அத்தை, மெத்தை என்னோடது"ன்னு சொல்லிட்டு வந்துட்டா. சொன்னதுல கொஞ்சம் கெத்தும் இருந்தது.

ராயப்பேட்டைல ஒரு பஞ்சுக் கடைல உக்காந்து துணியை அவளே எடுத்தா. வெள்ளைல நீலக் கோடு. பஞ்சு அடிக்கறப்போ மூக்குல துப்பட்டாவைக் கட்டிக்கிட்டுப் பக்கத்துலயே நின்னா. எனக்கு வேலை குடுத்த அன்னைக்கு மறுநாள் காலைல ஆறு மணிக்கு சீர் சாமானோட வேன் அடையாறு கிளம்புது. மெத்தை அந்த வேன்ல ஏறியாகணும். அதை வீட்டுக்குக் கொண்டு வர வேலைதான் எனக்கு.

ஒன்பது மணிக்குக் கடை திறந்த உடனே போய் எடுத்துட்டு வந்துடுன்னு அம்மா சொன்னாங்க. சாதாரணத் தம்பியா இருந்தா போயிருப்பான்.

நான் இட்லியை சாம்பார்ல ஊற வெச்சுட்டு, போன்ல ஏர்போர்ட்டோட வானிலை முன்னறிவிப்பை எடுத்தேன். 'டாஃப்'னு பேரு. எழுத்தும் நம்பருமா நெருக்கி அடிச்சு வெச்சிருப்பாங்க, முழுசா ஒரு வார்த்தைகூட இருக்காது. அதைப் படிக்கத் தெரிஞ்சவன் மத்தவங்களை விட ஒரு படி மேலன்னு எங்க கிளாஸ்ல ஒரு நம்பிக்கை. அன்னைக்கு அதுல இடின்னு போட்டிருந்தது, மழைன்னு போட்டிருந்தது, சீபின்னும் போட்டிருந்தது. சீபின்னா கியூமுலோநிம்பஸ், இடிமழை மேகம். பேரைக் கேட்டாலே விமானமெல்லாம் சுத்திப் போற மேகம். நேரம், ஒன்பதுல இருந்து பன்னெண்டு.

நான் எழுந்து நின்னேன். இந்த மாதிரி விஷயத்தை உக்காந்துக்கிட்டு சொல்லக் கூடாது.

"ஒன்பதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் இடியோட மழை. மெத்தையை மத்தியானம்தான் எடுக்கறோம்."

அக்கா ஜன்னல் வழியா வெளியப் பாத்தா. சுள்ளுனு வெயில். எதிர் வீட்டு மாடில போர்வை காய்ஞ்சுக்கிட்டிருந்தது. என்னடா உளர்றன்னு கேட்டா. மேகம் உருவாகறதுக்கு முதல்ல தரை சூடாகணும்க்கா, இந்த வெயில்தான் ஆபத்துன்னு விளக்கினேன். விளக்கினதோட விட்டிருக்கலாம். குடும்ப வாட்ஸ்ஆப் குரூப்லயும் போட்டேன். 'காலை 9 முதல் 12 வரை இடி மழை. வெளி வேலைகளைத் தள்ளி வைக்கவும்.' ஏதோ வானிலை ஆபீஸே எங்க வீட்டு மாடில நடக்கற மாதிரி.

சாந்தோம்ல இருக்கற அந்தோணி மாமா உடனே போன் பண்ணினார். கல்யாணத்துக்கு வர்றவங்க கண்ணுல படுமேன்னு காம்பவுண்டு சுவருக்கு அன்னைக்குப் பெயின்ட் அடிக்க இருந்தார். மத்தியானம் அடிக்கலாமாடான்னு கேட்டார். தாராளமா அடிங்க மாமான்னேன். அப்படிக் கேக்கறதுக்கு ஒரு ஆள் கிடைச்சா எவ்வளவு சுகமா இருக்கு தெரியுமா?

ஒன்பது ஆச்சு. வெயில்.

பத்து ஆச்சு. வெயில் ஏறிச்சு. அம்மா உள்ள கொண்டு வந்து போட்டிருந்த ஈரத் துணியெல்லாம் சோபா மேல இருந்து என்னையே பாத்துக்கிட்டிருந்தது.

பதினொண்ணுக்குக் கடைக்காரர் கூப்பிட்டு, வேற சரக்கு வருது, இடம் வேணும், மெத்தையை எடுத்துக்கறீங்களா இல்லையான்னு கேட்டார். அக்கா செருப்பை மாட்டிக்கிட்டு, நானே போறேன்னு கிளம்பிட்டா. நான் வாசல்ல கையை விரிச்சு நின்னு மறிச்சேன். சந்தேகம் இருந்தா கிளம்பாதேன்னுதான் எங்க கேப்டன் சொல்லிக் குடுத்திருக்கார்னு சொன்னேன். எங்க கேப்டன் ரொம்ப நல்ல மனுஷன். அவரை இதுல இழுத்தது என் தப்பு.

அப்பா பேப்பரை இறக்காமலே கேட்டார். "மழை எங்கடா?"

முன்னறிவிப்புல 'டெம்போ'ன்னு போட்டிருக்குப்பா, அப்படின்னா விட்டு விட்டு வரும்னு அர்த்தம், இப்போ விட்ட நேரம்னு சொன்னேன். பேப்பர் இன்னும் ரெண்டு இஞ்ச் மேல போச்சு.

பன்னெண்டு அடிச்சது. மாதா கோயில் மணிச் சத்தம் கேட்டுது. வானம் கழுவி வெச்ச மாதிரி இருந்தது. யாரா இருந்தாலும் இந்த இடத்துல ஒரு நிமிஷம் கூச்சப்பட்டிருப்பாங்க. எனக்கு அது தோணவே இல்ல. ஏர்போர்ட் பக்கம் கொட்டித் தீர்த்திருக்கும், நமக்குத் தப்பிச்சது, இனிமே ஒரு சொட்டுகூட விழாதுன்னு அறிவிச்சேன். குரூப்லயும் போட்டேன். மாமா பெயின்ட் டப்பாவைத் திறக்கற போட்டோ ஒண்ணு பதிலா வந்தது.

சாப்பிட்டுட்டு, பையில வானிலைப் புத்தகத்தையும் வெச்சுக்கிட்டுக் கிளம்பினேன். போற வழில ரெண்டு பக்கம் படிக்கலாம்னு ஒரு பேராசை. புத்தகம் அழுக்காகக் கூடாதேன்னு நல்ல கெட்டிப் பிளாஸ்டிக் கவர்ல சுத்தி வெச்சேன். இதை ஞாபகமா சொல்றதுக்குக் காரணம் இருக்கு.

ராயப்பேட்டைல ஒரு மீன்பாடி வண்டி பிடிச்சேன். முன்னாடி மோட்டார் பைக், பின்னாடி ரெண்டு சக்கரத்துல ஒரு பலகை. ஓட்டறவர் பேரு பாபு. மெத்தையைச் சுருட்டினா பஞ்சு ஒரு பக்கமா ஒதுங்கிடும்னு கடைக்காரர் சொன்னதால, அப்படியே விரிச்ச மாதிரி வெச்சு ரெண்டு கயிறு போட்டுக் கட்டினோம். பாபு அண்ணன் வழக்கமாக் கேக்கற கேள்வியைக் கேட்டார்.

"தார்ப்பாய் எடுத்துக்கினு வரட்டா நைனா? ஸ்டாண்டாண்டதான் கீது."

நான் கூலிங் கிளாஸைக் கழட்டி சிரிச்சேன். அந்தச் சிரிப்பை இப்ப நினைச்சாலும் எனக்கே என் கன்னத்துல ஒண்ணு வைக்கத் தோணுது. அண்ணே, நான் பைலட்டுக்குப் படிக்கறவன், இன்னைக்கு மழை வர்ற நேரம் முடிஞ்சுடுச்சுன்னு ஆரம்பிச்சு, கடல் காத்து, மேல் காத்துன்னு முழு வகுப்பு எடுத்தேன். அவர் பயபக்தியோட தலையாட்டினார். "பைலட்டா நீ? அப்ப கரீக்டாதான் இருக்கும்"னார். அவ்வளவு சுலபமா ஒருத்தர் என்னை நம்பினது அதுவே முதல் தடவை.

உக்கார இடம் இல்ல. அதனால மெத்தை மேலயே ஏறிப் படுத்துக்கிட்டேன்.

ராயப்பேட்டை ஹைரோட்ல, பட்டப்பகல்ல, நீலக் கோடு போட்ட டபுள் மெத்தைல, கூலிங் கிளாஸோட மல்லாக்கப் படுத்துக்கிட்டு, கையில வானிலைப் புத்தகத்தோட ஒருத்தன் போறான். பஸ்ல இருந்து ஜனங்க எட்டிப் பாத்தாங்க. ஒரு ஸ்கூட்டர்காரர் சிக்னல்ல நின்னு, உடம்புக்கு என்ன தம்பின்னு அக்கறையா விசாரிச்சார்.

அப்படிப் படுத்துக்கிட்டிருந்தப்போதான் மேற்குல அதைப் பாத்தேன். காலிஃபிளவர் மாதிரி கொப்புளம் கொப்புளமா எழும்பி, உச்சில தட்டையா விரிஞ்சு, அடியில கருகருன்னு ஒரு மேகம். பாடத்துல போட்டிருக்கற படம் அப்படியே. எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு. பயத்துல இல்ல, சந்தோஷத்துல. போட்டோ எடுத்து, 'அழகான சீபி. விலகிப் போய்க்கொண்டிருக்கிறது'ன்னு எங்க கிளாஸ் குரூப்ல போட்டேன். புத்தகத்தைத் திரும்பக் கவர்ல பத்திரமா சுத்திப் பைக்குள்ள வெச்சேன், கை ரெண்டும் ஃப்ரீயா இருந்தா இன்னும் நாலு போட்டோ எடுக்கலாமேன்னு.

கூடப் படிக்கற ஃபரூக்கிட்ட இருந்து பதில் வந்தது. அவன் திருவல்லிக்கேணில ஒரு மேன்ஷன்ல தங்கிப் படிக்கறான், நல்ல பையன், குத்திக் காட்டவே தெரியாது.

'மச்சி, டாஃப் செம. சொன்ன நேரத்துக்கு டாண்ணு வந்துட்டான் பாரு.'

சொன்ன நேரமா? மணி பாத்தேன். ரெண்டரை தாண்டி அஞ்சு நிமிஷம்.

காலைல பாத்த முன்னறிவிப்பைத் திரும்ப எடுத்துப் பாத்தேன்.

விமான உலகத்துக்கு ஒரே கடிகாரம்தான். உலகம் பூரா யூடிசின்னு ஒரு நேரத்துலதான் எல்லாத்தையும் எழுதுவாங்க. நம்ம ஊர் நேரம் வேணும்னா அதோட ஐந்தரை மணி நேரம் கூட்டணும். இது முதல் நாள் கிளாஸ். பரீட்சைல கேட்டா தூக்கத்துலகூட சொல்லுவேன். ஆனா வீட்ல இட்லி சாப்பிட்டுக்கிட்டிருந்தப்போ யாரும் அதைப் பரீட்சையா வைக்கல. ஒன்பது மணின்னா, ரெண்டரை மணி. பன்னெண்டு மணின்னா, சாயங்காலம் அஞ்சரை. காலைல பூரா வெயிலுக்குப் பயந்து மெத்தையைப் பதுக்கி வெச்சுட்டு, மழை வர்ற நேரமாப் பாத்து நானே நடு ரோட்டுக்கு எடுத்துட்டு வந்திருக்கேன்.

அண்ணே, எங்கயாவது ஓரங்கட்டுங்கன்னு கத்தினேன். இன்னா நைனா, இன்னாத்துக்குன்னு அவர் திரும்பறதுக்குள்ள காத்து வந்துடுச்சு.

இடிமேகத்துல இருந்து குளிர்ந்த காத்து கீழ விழுந்து, தரைல மோதி, மழைக்கு முன்னாடியே நாலு பக்கமும் ஓடி வரும். அதுக்கு இங்கிலீஷ்ல ஒரு பேர் இருக்கு, படிச்சிருக்கேன். அது வலது பக்கத்துல இருந்து வந்தது. பக்கக் காத்து. மண்ணு, பேப்பர், ஒரு தள்ளுவண்டிக் குடை எல்லாம் குறுக்கால போச்சு. ஒரு கயிறு அறுந்தது. மெத்தையோட வலது ஓரம் அப்படியே எழும்பிச்சு, அதோட நானும் எழும்பினேன். என் சொந்தப் பொறுப்புல நான் தரையை விட்டு மேல போனது அதுதான் முதல் தடவை. பக்கக் காத்துல எப்படி இறங்கணுங்கற பாடம் எங்களுக்கு அடுத்த மாசம்தான்.

குப்புற விழுந்து ரெண்டு கையாலயும் மெத்தையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். மழை என் முதுகுல விழ ஆரம்பிச்சது. தூறல், சாரல்னு எந்த முன்னுரையும் இல்ல.

லஸ் சிக்னல். எதிர்ல பறக்கும் ரயில் ஸ்டேஷன் தெரியுது, அதுக்குக் கீழ போயிட்டா ஒரு சொட்டு விழாது. நமக்கு சிவப்பு. அது பச்சையாகற வரைக்கும் நான் என் உடம்பால எவ்வளவு மெத்தையை மூட முடியுமோ அவ்வளவு மூடிக்கிட்டுப் படுத்திருந்தேன். நான் ஒல்லி. அது டபுள் மெத்தை.

ஸ்டேஷனுக்குக் கீழ போய் நின்னப்போ மெத்தை சொதசொதன்னு ஆயிடுச்சு. கை வெச்சு அழுத்தினா நீலத் தண்ணி வருது. சாயம். பாபு அண்ணன் தலையைத் துவட்டிக்கிட்டே, கோவப்படாம, வருத்தமாத்தான் சொன்னார்.

"நீ சொன்னியேன்னுதான் நைனா தார்ப்பாயை உட்டுட்டு வந்தேன்."

அந்த நேரத்துல மாமா போன். நீ சொன்னேன்னுதான்டா இப்ப ஆரம்பிச்சேன், சுவர்ல இருந்த ரோஸ் கலர் பூரா தெருவுல ஓடுதுடான்னார். நான் சிக்னல் சரியில்ல மாமான்னு சொல்லி வெச்சுட்டேன். அதையும் அவர் நம்பினார்.

மெத்தையை வீட்டு மாடிக்கு ஏத்த நாலு பேர் தேவைப்பட்டாங்க. படி பூரா நீலக் கோடு. ஹால்ல இறக்கிட்டு நான் சொட்டச் சொட்ட நின்னேன். அம்மா கந்தல் துணியோட படியைத் துடைக்கப் போயிட்டாங்க. பைல இருந்து பிளாஸ்டிக் கவர் சுத்தின புத்தகம் எட்டிப் பாத்துது. அப்பா அதை எடுத்துப் பிரிச்சு, ரெண்டு பக்கம் புரட்டி, திரும்ப மூடி வெச்சார்.

"புக் நனையல போல."

அப்புறம் என்ன நடந்ததுன்னு கேட்டார். சொன்னேன். ஒன்பதுன்னு போட்டிருந்தா அதோட ஐந்தரை கூட்டணும்ப்பா, நான் கூட்டலன்னேன்.

"கூட்டணும்."

"ஆமாம்ப்பா."

"கழித்தல்கூட இல்ல. கூட்டல்."

"ஆமாம்ப்பா."

அவ்வளவுதான் பேசினார். முப்பது வருஷம் ஊர்ப் பசங்களுக்குச் சொல்லிக் குடுத்த மனுஷன், எழுந்து பால்கனிக்குப் போயிட்டார்.

அக்கா மெத்தை பக்கத்துல தரைல உக்காந்து, துணியைத் தடவிப் பாத்தா. நல்லாத் திட்டுவான்னு காத்துக்கிட்டிருந்தேன், திட்டியிருந்தா நிம்மதியா இருந்திருக்கும். அவ போனை எடுத்துக்கிட்டு உள் ரூமுக்குப் போனா. கதவு சரியா சாத்தல. "அத்தை, நீங்க சொன்ன ஃபோம் மெத்தையே இருக்கட்டும் அத்தை. இல்ல, கடைல இன்னும் முடிக்கல. கடைக்காரர் லேட் பண்ணிட்டார்." கெத்தா சொல்லிட்டு வந்த வார்த்தையை எனக்காகத் திரும்ப வாங்கிக்கிட்டு இருந்தா. என் பேரை எடுக்கவே இல்ல. மழைல நனைஞ்சது அப்படி ஒண்ணும் உறைக்கல. அந்த போன் உறைச்சது.

கல்யாணம் நல்லபடியா நடந்தது. கோயில்ல சாமியார் ஆசீர்வதிக்கறப்போ வெளிய லேசா இடிச்சது. சொந்தக்காரங்க மொத்தப் பேரும் பீடத்தைப் பாக்காம என்னைத் திரும்பிப் பாத்தாங்க.

மெத்தை மொட்டை மாடில பல நாள் காய்ஞ்சது. பிரிச்சு, பஞ்சைத் திரும்ப அடிச்சு, அதே நீலக் கோட்டுத் துணி தேடிக் கண்டுபிடிச்சுப் புதுசாத் தெச்சு வாங்கினேன். இந்தத் தடவை நான் எந்த முன்னறிவிப்பும் பாக்கல. ரெண்டு தார்ப்பாய் எடுத்தேன், ஒண்ணு மெத்தைக்கு, இன்னொண்ணு அந்தத் தார்ப்பாய்க்கு. பாபு அண்ணனையே வரச் சொன்னேன். பைலட் இன்னா சொல்றாருன்னு கேட்டார். நான் தார்ப்பாயை இழுத்துக் கட்டினேன்.

கிளம்பறதுக்கு முன்னாடி அக்காவுக்கு போன் போட்டேன். ஃபோம் மெத்தைல அவ தூங்கவே இல்லன்னு குரல்லயே தெரிஞ்சது. உன் மெத்தை ரெடிக்கா, எடுத்துட்டு வரேன், சரியா பத்து மணிக்கு உன் வீட்டு வாசல்ல இருப்பேன்னு சொன்னேன்.

"சரிடா. மூணரைக்கு பஜ்ஜி போட்டு வைக்கறேன்"னு சொல்லிட்டு வெச்சுட்டா.